காப்பி பழுக்கும் மாதமும் கடன் கட்டும் தேதியும்

சேர்வராயன் மலைக்கு மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை வேண்டும். அது விழுந்த பத்து நாளுக்குள் காப்பிச் செடிகள் கிளை தெரியாமல் பூத்துவிடும். பூ பிஞ்சாகிக் காயாகிச் சிவந்து பழுக்க நவம்பர் வந்துவிடும். பறிப்பு தை வரை நீளும். அதை ஒட்டியே மிளகு. அந்த மலையிலுள்ள ஏற்காட்டைச் சுற்றிய சிற்றூர்களில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வைத்திருக்கும் குடும்பத்தின் கையில் நாலு காசு சேர்ந்தாற்போலப் புழங்குவது இந்த மூன்று நான்கு மாதங்களில்தான். ஆனால் சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதம் வருகிறது. பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது. களையெடுக்கவும் நிழல் மரங்களின் கிளையைக் கழிக்கவும் கூலி கொடுக்க வேண்டியது பழம் வருவதற்கு முன்னால். காய்ச்சலும் பிரசவமும் மாதம் பார்த்து வருவதில்லை.

வரவு ஒரு பருவத்தில், செலவு ஆண்டு முழுக்க. இடையில் கிடக்கும் பள்ளத்தைக் கடன்தான் நிரப்புகிறது. அந்தக் கடன் யாரிடமிருந்து, என்ன வட்டிக்கு, எந்தத் தேதியில் திருப்பிக் கட்டும்படி வருகிறது என்பதைப் பொறுத்தே அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் ஓர் அடி ஏறுகிறதா, இரண்டு அடி சறுக்குகிறதா என்பது முடிவாகிறது.

ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுத்தால் வறுமை குறையும் என்ற நம்பிக்கையை உலகெங்கும் பரப்பியவர் வங்கதேசப் பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ். 1976இல் ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 பேருக்குத் தன் கையிலிருந்து ஏறத்தாழ 27 டாலர் கொடுத்துத் தொடங்கினார். 1983இல் அது கிராமீன் வங்கி ஆனது. 2006இல் அவருக்கும் வங்கிக்குமாக நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அதன் பிறகு சிறு கடன் என்றாலே சர்வரோக நிவாரணி என்ற பேச்சு எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, அது ஏழைகளைக் கசக்கிப் பிழிகிறது என்ற எதிர்ப்பேச்சும் எழுந்தது. இரண்டிலும் உண்மை உண்டு. எது எங்கே உண்மை என்று பார்க்க ஏற்காடு ஒரு நல்ல இடம்.

மலையும் மக்களும்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். பெரிய எஸ்டேட்டுகள் பிறகு பெருகின. அவற்றின் ஓரங்களிலும் சரிவுகளிலும் முன்பிருந்தே வாழ்ந்துவந்தவர்கள் மலையாளிகள். பெயரை வைத்துக் கேரளத்தவர் என்று நினைத்துவிடக்கூடாது. இவர்கள் தமிழ் பேசும் பழங்குடியினர். சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளில் பரவியிருக்கிறார்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பது இவர்களின் எண்ணிக்கையால்தான்.

நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், தலைச்சோலை, வெள்ளக்கடை, வாழவந்தி என விரியும் ஊராட்சிகளின் சிற்றூர்களில் வாழ்க்கை மூன்று கால்களில் நிற்கிறது. ஒன்று, சொந்தத் தோட்டத்துக் காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு, பலா, ஆரஞ்சு. இரண்டாவது, எஸ்டேட் கூலி. மூன்றாவது, கோடையில் மலையேறி வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பிய கடைகளும் வண்டிகளும். முதலாவதில் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வரும். இரண்டாவதில் வாராவாரம். மூன்றாவதில், கூட்டம் இருந்தால் தினமும். மூன்றுக்கும் ஒரே மாதிரிக் கடன் பொருந்தாது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலைத்தோட்டங்களில் பழைய கடன் முறை முன்பணம். காய் காயாக இருக்கும்போதே வியாபாரி வந்து பணம் கொடுத்துவிடுவார். அதற்கு வட்டி என்று எதுவும் எழுத்தில் இருக்காது. பழுத்ததும் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும். சந்தை விலைக்கும் அவர் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி. மிளகில் இது இன்னும் கடுமையாகக் கடிக்கும். நன்றாகக் காயவைத்த மிளகை மூட்டை கட்டி வைத்திருந்து விலை ஏறும்போது விற்கலாம். முன்பணம் வாங்கியவருக்கு அந்தக் காத்திருப்பு கிட்டாது.

கடனை ஒழிக்கப் பார்த்தவர்கள்

இந்தச் சிக்கலைத் தமிழ்நாடு நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்க்கப் பார்க்கிறது. சென்னை மாகாணத்து உழவர்களுக்குக் கடன் வசதி செய்வது எப்படி என்று ஆராய அரசு நியமித்த அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன், 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் வளர்த்த கிராமக் கூட்டுறவுச் சங்கங்களை இங்கே கொண்டுவாருங்கள் என்பதுதான் அதன் சாரம். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கம் பிறந்தது. சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, மாகாணப் பிரதமரானதும் 1938இல் உழவர் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார்.

இவையெல்லாம் சமவெளி உழவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பழங்குடியினருக்குக் கடன் கொடுக்கவும், காடுபடு பொருளை வாங்கவும், அரிசி பருப்பு விற்கவும் ஒரே சங்கம் வேண்டும் என்று 1971இல் அமைக்கப்பட்ட பாவா குழு பரிந்துரைத்தது. அப்படிப் பிறந்தவைதான் லேம்ப் சங்கங்கள் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பழங்குடியினர் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள். ஏற்காட்டிலும் ஒன்று உண்டு. கடனையும் விற்பனையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது நல்ல யோசனை. பணம் கொடுக்கும் வியாபாரியே விலையையும் வைக்கும் பிடியைத் தளர்த்த அதுதான் வழி. ஆனால் சங்கக் கடன் பெரும்பாலும் நிலத்தையும் பயிரையும் பார்த்துக் கொடுக்கப்பட்டது. பட்டா ஆண்கள் பெயரில் இருக்கும் வீடுகளில் பெண்களுக்கு அது எட்டவில்லை.

பெண்களை நோக்கிப் பாதை திரும்பியது 1989இல். ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. 1991-92இல் திட்டம் சேலத்துக்கும் வந்தது. ஆகவே நாட்டிலேயே குழு முறையை முன்னதாகப் பார்த்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியைத் தொடங்கியதே 1992இல்தான். பிறகு 1997-98இல் மாநில அரசின் மகளிர் திட்டம் வந்தது. இன்று குழு இல்லாத ஊரைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகத்துக்குள்

குழு எப்படி வேலை செய்கிறது? 12 முதல் 20 பேர் வரை சேர்வார்கள். வீடுகள் சிதறிக் கிடக்கும் மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 5 பேர் இருந்தாலே போதும் என்ற தளர்வு உண்டு. ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவறாமல் திருப்பிக் கட்டுதல், சரியான கணக்கு என்ற ஐந்தும் முறையாக நடந்தால் ஆறு மாதத்தில் தர மதிப்பீடு. தேறினால் சுழல்நிதியும் வங்கிக் கடனும்.

12 பேர் மாதம் 100 ரூபாய் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் 7,200 ரூபாய். அதிலிருந்து ஒருவருக்குப் பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கு 2,000, இன்னொருவருக்கு மருத்துவச் செலவுக்கு 3,000 என்று உள்கடன் போகும். வட்டி பெரும்பாலும் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ. அந்த வட்டி வெளியே போவதில்லை. குழுவின் பணத்தோடு சேர்ந்துவிடும். யாருக்கு, எவ்வளவு, எத்தனை தவணை என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

வட்டிக் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. 10,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, பத்து மாதத் தவணை. கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 100, அடுத்த மாதம் 90 என்று இறங்கி, மொத்த வட்டி 550 ரூபாய். முதலில் வாங்கிய 10,000க்கே பத்து மாதமும் வட்டி போட்டால் 1,000 ரூபாய். இரண்டையும் ‘ஒரு ரூபாய் வட்டி’ என்றே சொல்வார்கள். தண்டல்காரர் கணக்கு தனி. கையில் 8,500 கொடுப்பார், நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 100 நாளில் 1,500 என்பது சின்னதாகத் தெரியும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். இந்த வட்டியிலிருந்து ஒரு குடும்பம் குழுவின் உள்கடனுக்கு மாறுவதே, வேறு எந்தத் தொழிலும் தொடங்காவிட்டாலும், ஒரு வருமான உயர்வு.

பஜ்ஜிக் கடையும் காப்பித் தோட்டமும்

குழுவுக்கு அடுத்தபடியாக மலையேறி வந்தது மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களின் கடன். இதில் சேமிப்பு கிடையாது. சில பெண்களை ஒன்றாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் பொறுப்பாக்கிக் கடன் கொடுப்பார்கள். வாரமோ, இரண்டு வாரமோ, மாதமோ ஒருமுறை சென்டர் மீட்டிங். எல்லோரும் பணத்தோடு வரவேண்டும். ஒருவர் கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும் என்ற நெருக்கடி. பத்திரம் கேட்காமல், வங்கி வாசலில் நாள் முழுக்க நிற்கவைக்காமல், வீட்டுத் திண்ணைக்கே பணம் வருகிறது என்பது இதன் பெரிய கவர்ச்சி.

ஏரிக்கரையிலோ பகோடா பாயிண்ட் போகும் வழியிலோ பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தக் கடன் கச்சிதமாகப் பொருந்தும். கடலை மாவும் எண்ணெயும் மிளகாயும் காலையில் முதல், மாலையில் வரவு. வாரம் 500 ரூபாய் தவணை என்றால் சனி, ஞாயிறு வியாபாரத்தில் எடுத்துவைத்துவிடலாம். அதே கடனை அதே தவணைக்கு ஓர் ஏக்கர் காப்பித் தோட்டத்துப் பெண் வாங்கி உரம் போட்டால் நிலைமை வேறு. உரம் போட்ட அடுத்த வாரமே தவணை தொடங்கும். உரத்தின் பலன் நவம்பரில். புதுக் கன்று நட்டிருந்தால் காய்ப்புக்கு மூன்று நான்கு ஆண்டுகள். நடுவில் தவணை கட்ட எஸ்டேட் கூலியில் கைவைக்க வேண்டும். அதுவும் பற்றாவிட்டால் இன்னொரு கம்பெனியில் கடன், இல்லையென்றால் காயிலேயே வியாபாரியிடம் முன்பணம். வியாபாரியிடமிருந்து மீட்க வந்த கடனே அவரிடம் திருப்பி அனுப்பிவைக்கிறது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்த பிரெஞ்சுப் பொருளியலாளர் இசபெல் கெரான் கண்டதும் இதை ஒட்டியதுதான். சிறு கடன் வந்ததால் பழைய கடன்கள் மறைந்துவிடவில்லை. அவற்றோடு இன்னொன்றாகச் சேர்ந்துகொண்டது. ஒன்றை வாங்கி இன்னொன்றை அடைப்பதும், அதற்காக நகையை வைப்பதும் மீட்பதும் பெண்களின் அன்றாட வேலையாகிவிட்டன.

இது முற்றிப்போனால் என்ன ஆகும் என்பதை ஆந்திரம் காட்டியது. ஒரே வீட்டுக்குப் பல நிறுவனங்கள் போட்டிபோட்டுக் கடன் கொடுத்தன. வசூல் கெடுபிடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகவே, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் ஏறத்தாழ நின்றே போனது. இலங்கையில் போருக்குப் பிந்தைய வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ்ப் பெண்கள் நுண்கடன் கம்பெனிகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று.

ஆய்வுகள் சொல்வது

சிறு கடன் வறுமையைக் குறைக்கிறதா என்பதை ஆட்களின் கதையை மட்டும் கேட்டு முடிவு செய்ய முடியாது. பின்னாளில் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோர் சக ஆய்வாளர்களோடு ஹைதராபாத்தில் 104 பகுதிகளை எடுத்துக்கொண்டனர். அவற்றில் குலுக்கல் முறையில் தேர்ந்த 52இல் மட்டும் ஒரு நிறுவனம் முதலில் கிளை திறந்தது. ஒன்றரை ஆண்டு ஆகும் நிலையில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்களில் சிலர் அதைப் பெருக்கியிருந்தார்கள். தொழிலுக்கான சாமான் வாங்குவது கூடியிருந்தது, வீண் செலவு குறைந்திருந்தது. ஆனால் குடும்பத்தின் மொத்த நுகர்வு, பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு ஆகியவற்றில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய நாடுகளின் ஆய்வுகளும் இதனோடு சேர்ந்து 2015இல் வெளிவந்தன. ஆறிலும் ஏறக்குறைய ஒரே விடை: பலன் உண்டு, ஆனால் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் அளவுக்கு இல்லை.

அப்படியானால் நிறுத்திவிடலாமா? ஆந்திர நெருக்கடியே அதற்குப் பதில் சொன்னது. அங்கே வசூல் முடங்கியதால் நிறுவனங்கள் நாட்டின் பிற மாவட்டங்களிலும் கடனைச் சுருக்கின. அப்படிச் சுருங்கிய மாவட்டங்களில் அன்றாடக் கூலி குறைந்தது என்று எமிலி பிரேசா, சிந்தியா கின்னன் இருவரும் காட்டினார்கள். கடன் வாங்காதவரின் கூலியும் கடன் புழக்கத்தைச் சார்ந்திருக்கிறது.

மலைக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வுகள் வேறு மூன்று. கொல்கத்தாவில் ஒரு நிறுவனம் சிலருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்திலும், சிலருக்கு இரண்டு மாதம் கழித்தும் முதல் தவணையைத் தொடங்கியது. இரண்டு மாத அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதல் போட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது அவர்கள் லாபமும் கூடியிருந்தது. அதே சமயம் கடன் கட்டத் தவறியவர்களும் அவர்களிடையே அதிகம். ஜாம்பியாவில் சிறு உழவர்களுக்குப் பஞ்ச மாதங்களில் கடன் கொடுத்து அறுவடையில் திருப்பி வாங்கினார்கள். வயிற்றுப்பாட்டுக்காக அடுத்தவர் வயலுக்குக் கூலிக்கு ஓடாமல் சொந்த வயலைக் கவனித்தார்கள், விளைச்சல் கூடியது, ஊரில் கூலியும் ஏறியது. கென்யாவில் மக்காச்சோள உழவர்களுக்கு அறுவடை நேரத்தில் கடன் கிடைத்தது. விலை விழுந்திருக்கும்போது விற்றுத் தொலைக்காமல் இருப்பு வைத்து விற்றார்கள்.

மூன்றிலும் கடன் தொகையைவிட முக்கியமானது நாள்காட்டி. காய் காயாக இருக்கும்போதே முன்பணம் வாங்கும் மிளகுத் தோட்டத்துக்கும் இதே மருந்துதான்.

கடனே பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். நிலமும் இல்லாமல், சீரான கூலியும் இல்லாமல், வயதான பெண் தலைமையில் ஓடும் வீடுகளுக்குத் தவணை ஒரு சுமைதான். வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் 2002இல் இவர்களுக்காக வேறு வழி கண்டது. முதலில் ஆடு, மாடு போன்ற சொத்தை இலவசமாகக் கொடுத்து, சில மாதங்கள் சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு தொகையும் வாராவாரம் வழிகாட்டலும் தந்தது. மேற்கு வங்கத்தில் பந்தன் நிறுவனம் இதைச் செய்தபோது, பத்து ஆண்டு கழித்தும் அந்தக் குடும்பங்களின் வருமானம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

கடனோடு சந்தையும்

சேர்வராயனுக்குத் தெற்கே, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் மலையாளிகள்தான். அங்கே சாமையும் தினையும் விளைச்சலிலிருந்து மறைந்துகொண்டிருந்தன. உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடித்தது, விற்றாலும் விலையில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே வேலை செய்தது. குழுக்கள் கையில் உமி நீக்கும், மாவரைக்கும் இயந்திரங்களைக் கொடுத்தது. பாக்கெட் போட்டு விற்கவும் கற்றுக்கொடுத்தது. குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பாயின. இங்கே சேமிப்பும் கடனும் ஓர் அங்கம்தான். இயந்திரமும் வாங்குபவரும் இருந்ததால் கடன் வாங்கிய பணத்துக்கு ஒரு வேலை இருந்தது. ஏற்காட்டில் காப்பிப் பழத்தைப் பழமாகவே விற்பதற்கும், தோல் நீக்கி உலர்த்தி விற்பதற்கும், வறுத்து அரைத்துச் சுற்றுலாப் பயணி கையில் கொடுப்பதற்கும் இடையில் கிடைக்கும் வருமானம் குழுக்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

எழுத்தில் இருக்கும் உரிமைகள்

2022இல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு வகுத்த விதிகள் மலையிலும் செல்லும். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்குப் பத்திரமின்றிக் கொடுப்பதே நுண்கடன். எல்லாக் கடன்களுக்குமாக மாதம் கட்டும் தொகை குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. கடன் அட்டை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தவணை கேட்டு அழைக்கக்கூடாது. வட்டிக்கு உச்சவரம்பு இருந்ததை அதே விதிகள் எடுத்துவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் உண்டு. கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்க 2025இல் சட்டமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது.

அந்த 2022 விதிகளில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. கடன் வாங்குபவரின் தேவைக்கு ஏற்பத் தவணைக் காலத்தை நெகிழ்த்திக் கொடுக்க ஒவ்வொரு நிறுவனமும் கொள்கை வைத்திருக்க வேண்டும். “பறிப்பு முடிஞ்சதும் அசலக் கட்டுறோம், அதுவரைக்கும் வட்டிய மட்டும் வாங்கிக்கங்க” என்று ஒரு சென்டரே சேர்ந்து கேட்க இதில் இடமிருக்கிறது. வங்கியிலும் கூட்டுறவிலும் பயிர்க் கடன், அறுவடையை வைத்தே ஆண்டுக்கு ஒருமுறை திருப்பும்படி அமைந்திருக்கிறது. குழுவின் உள்கடனுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதே இல்லை, தீர்மானம் போட்டால் போதும்.

கொல்கத்தாவில் பார்த்த ஆபத்து இங்கேயும் உண்டு. பூ மழை பொய்த்தாலோ காப்பி விலை சரிந்தாலோ, ஆண்டுக் கடைசியில் மொத்தமாகக் கட்ட வேண்டிய தொகை அப்படியே நிற்கும். அதற்காகவே விவரமான குழுக்கள் அசலைத் தள்ளிவைத்தாலும் மாதச் சேமிப்பைத் தள்ளிவைப்பதில்லை. கூலி வரும் வாரங்களில் போடும் 50, 100 ரூபாய் அந்த ஆண்டுக்கான காப்பு. மிளகு கையிருப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு வழி பொருளீட்டுக் கடன். உலர்ந்த மிளகைக் கிடங்கில் வைத்து அதன் மதிப்பில் ஒரு பங்கைக் கடனாக வாங்கலாம், விலை ஏறியதும் விற்று அடைக்கலாம். மலை உச்சியிலிருந்து மூட்டையைக் கிடங்குக்கு இறக்கும் வண்டி வாடகையை ஒரு குடும்பம் தாங்காது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு பத்துப் பன்னிரண்டு குழுக்களின் மிளகைச் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றினால் தாங்கும்.